சுங்கை சிப்புட்டில் மூன்று வாரம்: மலேரியா மாத்திரை வேண்டுமா?

நெல்லைப் பயணி | 5 ஜனவரி, இரவு 9.12
தைப்பூசத்தை ஒட்டி மூன்று வாரம் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சித்தி வீட்டில் தங்குகிறோம். பழைய தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு), வீட்டுக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை). கூட வருவது 7 வயது மகள் (22 கிலோ), இன்சுலின் போடும் அம்மா. டிக்கெட் போட்ட ஏஜென்ட், மலேரியா மாத்திரை வாங்குங்கள், கடைச் சாப்பாடு தொடாதீர்கள் என்கிறார். எந்த மாத்திரை? எத்தனை நாள்?

தோட்டத்து டிரசர் | 5 ஜனவரி, இரவு 10.40
மாத்திரை வேண்டாம். டவுனிலும் தாமானிலும் தங்குபவருக்கு அது தேவையே இல்லை.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா மலேசியாவில் 2018 முதல் பதிவாகவில்லை. மிஞ்சியிருப்பது குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலெசி. நீளவால் குரங்கும், தேங்காய் பறிக்கப் பழக்குகிறார்களே அந்தப் பெரோக் குரங்கும் சுமக்கிற கிருமி. காட்டோர அனோபிலஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. சபா, சரவாக்கில் அதிகம், தீபகற்பத்திலும் காட்டோரங்களில் உண்டு. காட்டுக்குள் இரவு தங்குகிறவர், மரம் வெட்டப் போகிறவர் டாக்டரிடம் கேட்கட்டும். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பெருகும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் கவலை ராத்திரிக் கொசு இல்லை. பகல் கொசு.

லொங்காங் இன்ஸ்பெக்டர் | 6 ஜனவரி, காலை 7.05
அதாவது டிங்கி (டெங்கு). ஏடிஸ் கொசு விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்னும்தான் மும்முரமாகக் கடிக்கும். ராத்திரி வலை கட்டிப் படுத்துவிட்டு, காலை 7 மணிக்குக் குழந்தையை முழுக்கைச் சட்டை இல்லாமல் வாசலில் விளையாட விட்டால் வலை எதற்கு? மதியம் தூங்கும் பிள்ளைக்குத்தான் வலை முக்கியம்.

சித்தி வீட்டில் இறங்கியதும் பார்க்க வேண்டியவை: பூச்சட்டித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, குளியலறைத் தொட்டி, கூரை வாரி, கொட்டகையில் கிடக்கும் பழைய டயர். பக்கத்தில் பால் வெட்டாமல் விட்ட பால்மரம் (ரப்பர்) இருந்தால் கவிழ்க்காத பால் மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம். ஒரு மங்குத் தண்ணீர் நூறு கொசுவுக்குப் போதும். லொங்காங்கில், அதாவது தெருவோர வாய்க்காலில், ஓடும் சாக்கடையைத் திட்டுவோம், ஆனால் அது கியூலெக்ஸ் கொசுவின் வீடு. ஏடிஸ் தெளிந்த நீர்க்காரி.

கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழையில் பொரியும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்கிறோம்.

லாசா ரோடு | 6 ஜனவரி, காலை 8.30
தேய்க்க முடியாத பெரிய தொட்டிக்கு அபேட் மணல் (கொசுப்புழு மருந்து) ஒரு கைப்பிடி போட்டால் ஆயிற்று.

லொங்காங் இன்ஸ்பெக்டர் | 6 ஜனவரி, காலை 8.52
கைப்பிடிக் கணக்கு வேண்டாம் அண்ணே. 1% மணல் 100 லிட்டருக்கு 10 கிராம். அதற்கு மேல் போடுவதால் கொசுப்புழு கூடுதலாகச் சாகப்போவதில்லை, தண்ணீர்தான் நாறும், பிறகு வீட்டுக்காரரே மொத்தத்தையும் திறந்து விட்டுவிடுவார். தொட்டியைக் கழுவினால் மணலும் போய்விடும், மறுபடி போட வேண்டும்.

புகை அடிக்க வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். எல்லாரும் செய்வது அதுதான். புகை உள்ளே வந்தால்தான் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணியிலும் உட்கார்ந்திருக்கும் கொசு சாகும். சாப்பாட்டை மூடி, மீன் தொட்டியை மூடி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நில்லுங்கள். அரை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், புழுவைத் தொடாது. புகை அடித்தாயிற்று என்று தொட்டியைத் தேய்க்காமல் விட்டால் அடுத்த வாரம் புதுப்படை தயார்.

மருந்துக் கடை | 6 ஜனவரி, மதியம் 1.15
கொசு விரட்டத் தோலில் தடவும் மருந்து பற்றி. டீட் 20 முதல் 30%, அல்லது பிக்காரிடின் 20%. 20% டீட் சுமார் 4 மணி நேரம் தாங்கும். இந்த ஊர் வியர்வைக்கு அதிலும் குறையும். 7 வயதுக்கு 30% வரை சரி, ஆனால் குழந்தையின் உள்ளங்கையில் தடவ வேண்டாம், கை வாய்க்குப் போகும். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசு மருந்து. மாற்றித் தடவினால் சன்ஸ்கிரீன் மேலே மூடிவிடும்.

செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் வாசம் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரம் நம்பலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். கையில் கட்டும் கொசு வளையல் கையை அலங்கரிக்கும்.

நெல்லைப் பயணி | 6 ஜனவரி, இரவு 9.30
சரி, மலேரியா மாத்திரை இல்லை. காய்ச்சல் வந்துவிட்டால்? மகளுக்கு இங்கே வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பை எடுத்து வரலாமா?

மருந்துக் கடை | 6 ஜனவரி, இரவு 10.20
பாட்டிலின் பின்பக்கம் படித்துவிட்டு எடுத்து வாருங்கள். பாராசிட்டமால் மட்டும் இருக்க வேண்டும். ஐபுபுரூபனோ மெஃபெனாமிக் அமிலமோ சேர்த்த கூட்டு மருந்துகள் இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும். டிங்கி சந்தேகம் இருக்கும்போது அவை கூடாது, இரைப்பையில் ரத்தக்கசிவைத் தூண்டும். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதுவும் அப்படித்தான். இங்கே வலி என்றதும் பொன்ஸ்டான் நீட்டுவார்கள். அதுவும் மெஃபெனாமிக்தான். அம்மா இதயத்துக்காகத் தினசரி ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அளவு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 22 கிலோவுக்கு 220 முதல் 330. 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 வேளைக்கு மேல் இல்லை. தவறு நடக்கும் இடம் சிரப்பின் வீரியம். இங்கே 5 மில்லியில் 120 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு. ஒன்றில் 10 மில்லி, மற்றதில் 5 மில்லி. ஊரில் பழகிய மில்லி கணக்கை இங்கே வாங்கிய பாட்டிலில் ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும். மில்லிகிராமில் நினைவு வையுங்கள்.

தோட்டத்து டிரசர் | 7 ஜனவரி, காலை 6.50
மருந்தைவிட முக்கியம் தேதி. காய்ச்சல் தொடங்கிய நாளையும் மணியையும் காலண்டரில் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "ரெண்டு மூணு நாளா இருக்கு" என்ற பதில் உதவாது.

காரணம் இது. என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை டிங்கியை முதல் 5 நாளுக்குள் நன்றாகப் பிடிக்கும். அதன் பிறகு ஐஜிஎம் என்ற இன்னொரு பரிசோதனை பார்க்க வேண்டும். நாள் தெரியாமல் தப்பான பரிசோதனை செய்து "இல்லை" என்று வந்தால் அந்த "இல்லை"யை நம்பி வீட்டில் படுத்திருப்பார்கள்.

இரண்டாவது, டிங்கியில் ஆபத்து காய்ச்சல் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், உடம்பு குளிர்ந்து, "பிள்ளைக்குச் சுகமாயிடுச்சு" என்று வீட்டில் சொல்கிற அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். அப்போது கீழே சொல்வதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரி: விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுதல், பிள்ளை துவண்டு போதல் அல்லது காரணமில்லாத எரிச்சல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது.

சுங்கை சிப்புட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய விஷயம் என்றால் ஈப்போ பைனுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, பயணக் காப்புறுதி எடுத்து வாருங்கள்.

லாசா ரோடு | 7 ஜனவரி, காலை 9.10
பப்பாளி இலைச் சாறு? நண்டு சூப்? தாமானில் யாருக்கு டிங்கி வந்தாலும் முதலில் நண்டு விலைதான் ஏறும்.

தோட்டத்து டிரசர் | 7 ஜனவரி, காலை 11.00
நண்டு சூப்பில் நல்ல விஷயம் அது தண்ணீராகவும் உப்பாகவும் இருப்பதுதான். பப்பாளி இலை பிளேட்லெட்டைச் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு இல்லை, நீர்க்கசிவு. டாக்டர் பிளேட்லெட்டோடு சேர்த்துப் பார்ப்பது ஹெமட்டோகிரிட் எண். அது ஏறினால் ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். சாறு குடித்து வாந்தி எடுக்கும் பிள்ளை, உள்ளே போன தண்ணீரையும் சேர்த்து வெளியே தள்ளும். குடிக்க முடிந்தால் குடியுங்கள், அதைக் காட்டி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெல்லைப் பயணி | 7 ஜனவரி, இரவு 8.45
சித்தி பையன் பக்கத்து ஊரான லாசா பக்கம் ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான். அட்டை கடிக்கும் என்று அம்மா பயப்படுகிறார்.

லாசா ரோடு | 7 ஜனவரி, இரவு 9.50
அட்டையால் ஒன்றும் ஆகாது. நகத்தால் அதன் வாய்ப்பக்கம் தோலோடு உரசித் தள்ளினால் விட்டுவிடும். நெருப்பு வைத்தாலோ உப்புப் போட்டாலோ வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வழியும், அழுத்திப் பிடித்தால் போதும்.

பயப்பட வேண்டியது எலிக்கு. எலிச் சிறுநீர் கலந்த நீரிலும் ஈர மண்ணிலும் லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோல் வெடிப்பு, சிராய்ப்பு, கண், மூக்கு வழியாக நுழையும். மழை கொட்டின மறுநாள் ஆறு கலங்கி ஓடும்போது இறங்காதீர்கள், கரைச் சேறெல்லாம் தண்ணீரில்தான் இருக்கும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். ஆற்றங்கரையில் சோற்றுப் பொட்டலத்தை வீசிவிட்டு வருகிறார்களே, அதுதான் எலியைக் கூப்பிடுவது. செம்பனைக்குள் கம்பத்தின் மேல் மரப்பெட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். எலி பிடிக்க ஆந்தைக்குக் கட்டிக்கொடுத்த வீடு அது. அவ்வளவு எலி.

மருந்துக் கடை | 7 ஜனவரி, இரவு 10.30
ஆற்றில் குளித்துவிட்டு வந்து 2 நாளிலிருந்து 30 நாளுக்குள், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். டிங்கி போலவே தொடங்கும். வித்தியாசம் கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, பீளை இல்லாமல் கண் சிவத்தல், பிறகு மஞ்சள் காமாலை. டிங்கி இல்லை என்று வந்துவிட்டதால் நிம்மதி அடையாதீர்கள். "ஆற்றில் இறங்கினேன்" என்பதை நீங்களாகச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும். முதல் வாரத்தில் லெப்டோ ரத்தப் பரிசோதனையும் "இல்லை" காட்டலாம், அதனால் சந்தேகத்திலேயே ஆண்டிபயாட்டிக் தொடங்குவார்கள்.

டின் மூடியில் எலிச் சிறுநீர் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஓயாமல் சுற்றுகிறது. காய்ந்த தகரத்தில் இந்தக் கிருமி நிலைக்காது. துடைத்துக் குடிப்பதில் நஷ்டமில்லை, ஆனால் ஆற்றுச் சேற்றை விட்டுவிட்டு டின்னைத் துடைத்துக்கொண்டிருப்பது வேடிக்கை.

தோட்டத்து டிரசர் | 8 ஜனவரி, காலை 6.40
அம்மா அந்தப் பயணத்தில் கரையில் செருப்போடு உட்காரட்டும். நீரிழிவுக்காரருக்கு மண்ணிலிருந்து வரும் இன்னொன்று உண்டு, மெலியோய்டோசிஸ். ஈர மண்ணில் வாழும் பாக்டீரியா, காயம் வழியாகவோ நீர்த்துளியை மூச்சிழுத்தோ உள்ளே போகும். சர்க்கரை உள்ளவரை வேகமாக வீழ்த்தும். 2010இல் பகாங் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் தேடுதலுக்குப் போனவர்களிடையே லெப்டோவும் இதுவும் சேர்ந்தே பரவி உயிர்கள் போயின.

லாலாங் புல்லில் பாய் விரித்து உட்காருவதும் வேண்டாம். உண்ணிப்பூச்சி கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் காய்ச்சலோடு அதையும் காட்டுங்கள். காட்டினால் டாக்ஸிசைக்ளினில் சீக்கிரம் அடங்குகிற நோய், காட்டாவிட்டால் இழுத்தடிக்கும்.

லொங்காங் இன்ஸ்பெக்டர் | 8 ஜனவரி, மதியம் 12.30
ஏஜென்ட் சொன்ன கடைச் சாப்பாட்டுக்கு வருவோம். கடையா வீடா என்பது கேள்வியே இல்லை. சமைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதுதான் கேள்வி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சோறு கிடக்கும் நேரத்தைக் கிருமி எண்ணிக்கொண்டிருக்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கண்ணெதிரே கொதிக்கும் வாணலியிலிருந்து எடுத்துத் தருவது, காலை 5 மணிக்குப் பொட்டலம் கட்டி 11 மணிக்கு வாங்கும் நாசி லெமாக்கைவிடப் பத்திரம். தேங்காய்ப் பால் சோறு சீக்கிரம் கெடும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சிரியஸ் விடும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நல்லா சுட வச்சுட்டேன்" என்பது அங்கே செல்லாது.

கல்யாண வீடு, அன்னதானம் இரண்டிலும் இதே கணக்கு. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர், சர்பத்துக்கு ஐஸ் எங்கிருந்து என்று பாருங்கள். நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, பெரும்பாலும் சரி. தரையில் சாக்கு விரித்து உடைக்கும் பாளம் ஐஸ் மீனுக்குரியது.

அரைவேக்காட்டு கெராங் (மட்டி) வேண்டாம். ஹெப்படைடிஸ் ஏ அதில் வரும். குழாய்த் தண்ணீர் சுத்திகரித்துத்தான் வருகிறது, ஆனால் கூரைத் தொட்டிக்கும் பழைய குழாய்க்கும் யாரும் பொறுப்பில்லை. கொதி வந்து 1 நிமிடம் விட்டு இறக்குங்கள். கடையில் ஆயர் சுவாம் (வெதுவெதுப்பான நீர்) கேளுங்கள்.

நெல்லைப் பயணி | 8 ஜனவரி, இரவு 9.00
வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அதுதானே? இல்லை 100 பிளஸ் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

மருந்துக் கடை | 8 ஜனவரி, இரவு 9.40
சிட்டிகை ஆளுக்கு ஆள் மாறும். 1 லிட்டர் கொதித்து ஆறிய நீர், மட்டமாகத் தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடினால் சிறுபிள்ளைக்கு ஆபத்து, சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். வாயில் வைத்தால் கண்ணீர் அளவு உப்புக்கு மேல் இருக்கக் கூடாது.

ஓஆர்எஸ் பாக்கெட் வாங்குவது மேல். அதிலும் பாருங்கள்: சில பாக்கெட் 1 லிட்டருக்கு, இங்கே கிடைக்கும் பல 250 மில்லிக்கு. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 1 லிட்டர் பாக்கெட்டை இங்கே கண்ணாடி டம்ளரில் கலக்குவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. கலந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு 10 நிமிடம் விட்டு, பிறகு நிமிடத்துக்கு ஒரு கரண்டி.

100 பிளஸ் போன்ற ஐசோடோனிக் பானம் வெயிலில் நடந்தவருக்கு. அதில் சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு, லிட்டருக்கு 75 மில்லிமோல் உள்ள ஓஆர்எஸ் பக்கத்தில் நிற்காது. போக்கை நிறுத்தும் லோபரமைடு ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் கூடாது, மகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

மருந்துக் கடை | 9 ஜனவரி, காலை 10.10
அம்மாவின் இன்சுலின். விமானத்தில் கைப்பையில்தான், சரக்கில் போட்டால் உறையலாம். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. திறந்த பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 4 வாரம் தாங்கும். இங்கே மதியம் வீட்டுக்குள்ளேயே 30ஐத் தாண்டும், வெயிலில் நிறுத்திய காருக்குள் கேட்கவே வேண்டாம்.

நெல்லையில் மண்பானைக்குள் வைப்பார்கள். இந்த ஊரில் அதை நம்பாதீர்கள். பானை குளிர்வது நீர் ஆவியாவதால். காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் ஆவியாவது குறையும், பானை வெதுவெதுப்பாகவே நிற்கும். தண்ணீரில் நனைக்கும் குளிர்ப்பைக்கும் இதே கதி. அகன்ற வாய் பிளாஸ்கில் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில், நடுவில் துணி, அதன் மேல் பேனா. ஐஸ் நேராகத் தொடக் கூடாது.

நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே. ராத்திரி 10 மணி ஊசி இங்கே 12.30. எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன் அவர் டாக்டரிடம் கேளுங்கள். கடையில் டீ வாங்கும்போது தே சி கோசோங் என்று கேட்டால் சர்க்கரை இல்லாமல் வரும். சும்மா தே என்றால் கண்டென்ஸ்ட் மில்க் பாதிக் குவளை.

தோட்டத்து டிரசர் | 9 ஜனவரி, மதியம் 3.20
அந்த மண்பானை விஷயம்தான் வியர்வைக்கும். 33 டிகிரிதானே, நெல்லையில் 40 பார்த்தவர்கள் நாங்கள் என்று வருவார்கள். இங்கே வியர்வை வழியும், காயாது, உடம்பு குளிராது. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு நடப்பதானால் விடியற்காலையில் நடந்து 10 மணிக்குள் முடியுங்கள். அம்மா வெறுங்காலோடு தார் ரோட்டில் வேண்டாம். நீரிழிவில் உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது. யாராவது உளறினால், தடுமாறினால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்க நனைத்து விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்து, அவசர எண் 999ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

புகைமூட்டம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரை. ஜனவரியில் அதற்காக என்95 மூட்டை வேண்டாம்.

லாசா ரோடு | 9 ஜனவரி, இரவு 8.15
டிரசர் அண்ணே, அந்தக் காலத்தில் தோட்டத்தில் மலேரியாவில்தானே ஜனங்கள் செத்தார்கள்? இப்போது இல்லை என்றால் எப்படி?

தோட்டத்து டிரசர் | 9 ஜனவரி, இரவு 9.55
வாய்க்கால் வெட்டித்தான். 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிய விட்டு, காட்டை வெட்டி மலேரியாவைக் குறைத்தார். கடலோரச் சமவெளியில் அது பலித்தது, அங்கே கடித்தது நிழல் தேடும் அம்புரோசஸ் கொசு. அதே வேலையை மலைத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. மரம் போனதும் ஓடையில் வெயில் விழுந்தது, வெயில் விழும் தெளிந்த ஓடைதான் மேக்குலேட்டஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். பிறகுதான் ஓடையைத் தரைக்கு அடியில் குழாயில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள். காட்டை அழித்துக் கித்தா (ரப்பர்) நட்டவர்கள் நம் ஆட்கள், இடையில் செத்தவர்களும் அவர்கள்தான். எந்தக் கொசு என்று தெரியாமல் மருந்து அடிப்பது அன்றும் வீண், இன்றும் வீண்.

லொங்காங் இன்ஸ்பெக்டர் | 10 ஜனவரி, காலை 7.30
ஒன்று விட்டுப்போனது. செம்பனைக்குள் பிள்ளை பந்து எடுக்க ஓடும். வெட்டிப் போட்ட ஓலைக் குவியலில் கை விடக் கூடாது, எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைப் பிடிக்க வேண்டாம், தூர நின்று போன் படம் போதும். துப்பும் நாகம் கண்ணில் துப்பினால் உடனே ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி.

குரங்கோ நாயோ கடித்தால், கீறினால், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றே டாக்டர். சரவாக்கில் 2017 முதல் ரேபிஸ் இருக்கிறது, இங்கேயும் ஊசி வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நெல்லைப் பயணி | 10 ஜனவரி, இரவு 9.20
பட்டியல் போட்டுவிட்டேன். தடுப்பூசி ஏதாவது?

மருந்துக் கடை | 10 ஜனவரி, இரவு 10.05
டைபாய்டு, ஹெப்படைடிஸ் ஏ இரண்டும் பயன். டைபாய்டு ஊசி போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தால் மறுபடி போடுங்கள். கிளம்ப இரண்டு வாரம் முன்பாவது முடியுங்கள், உடம்பு எதிர்ப்பைத் தயாரிக்க நேரம் வேண்டும். டெட்டனஸ் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மருந்துக்கெல்லாம் டாக்டர் கடிதம், அதில் வணிகப் பெயர் மட்டும் எழுதாமல் மருந்தின் பொதுப் பெயரும் அளவும் இருக்கட்டும். இந்திய வணிகப் பெயரை இங்கே கவுண்டரில் சொன்னால் யாருக்கும் புரியாது. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலேசியா போனது, ஆற்றில் இறங்கியது, தேதி, மூன்றையும் சொல்லுங்கள்.

லாசா ரோடு | 11 ஜனவரி, காலை 8.00
சித்தியிடம் இப்போதே போன் போட்டு அந்த ஐஸ்பெட்டித் தட்டைக் கழுவச் சொல்லுங்கள். நீங்கள் வந்து இறங்கும் நாளுக்குள் இரண்டு தடவையாவது தேய்த்திருக்க வேண்டும்.